பூட்டி வைத்த பிறப்புச் சான்றிதழ்

அமெரிக்காவில் தத்துப் போன குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இரண்டு. முதலாவது, குழந்தை பிறந்த சில நாட்களில் மருத்துவமனை எழுதி அனுப்பிப் பதிவானது. அதில் பெற்றவளின் பெயர் இருக்கும். இரண்டாவது, தத்து வழக்கில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு எழுதப்படுவது. அதைப் படித்தால், தத்தெடுத்தவர்களே அந்தக் குழந்தையைப் பெற்றெடுத்தது போல இருக்கும். பிறந்த தேதி அதேதான். பெயர்கள் மாறிவிடும். இரண்டாவது பதிவானதும் முதலாவதைச் சீல் வைத்து மாநிலப் பதிவாளர் அலுவலகத்தில் பூட்டிவிடுவார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, அறுபது வயதாகி, பேரன் பேத்தி எடுத்த பிறகு விண்ணப்பித்தாலும் பல மாநிலங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: நீதிமன்ற உத்தரவு கொண்டு வாருங்கள். நீதிமன்றம் போனால் ‘தகுந்த காரணம்’ கேட்பார்கள். என் பிறப்புப் பதிவை நான் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலான நீதிபதிகளுக்குத் தகுந்த காரணமாகப் படுவதில்லை.

சான்றிதழ் கேட்பது வேறு, தாயைத் தேடுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான், இந்தப் பூட்டைத் திறக்கக் கேட்டு மாநிலச் சட்டமன்றங்களுக்கு வரும் மசோதாக்கள் பாதி செத்துப்போகின்றன. தேடுவதும் தேடாததும் அவரவர் விருப்பம். யார் யாருடன் பேச வேண்டும் என்பதில் அரசுக்கு வேலை இல்லை. ஆனால் ஒரு குடிமகனின் பிறப்பு பற்றி அரசு எழுதி வைத்திருக்கும் காகிதத்தை, மற்றவர்களுக்குக் கொடுப்பது போல அவருக்கும் கொடுக்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான். சட்டமன்றக் குழு விசாரணையில் சாட்சி சொல்லப் போகிறவர் நெகிழ வைக்கும் சந்திப்புக் கதையோடு போனால், அடுத்து வரும் எதிர்த்தரப்பு மனம் உடைந்த ஒரு சந்திப்புக் கதையோடு வரும். உறுப்பினர்கள் கதைக்குக் கதை எடை போட ஆரம்பித்துவிடுவார்கள். சமஉரிமை என்ற பேச்சே அந்த அறையில் எழாது.

இந்தப் பூட்டு ரொம்பப் பழையது என்று பலர் நினைக்கிறார்கள். 1917-இல் மினசோட்டாவில் தத்து வழக்குக் கோப்புகளை மூடினார்கள், மூடியது வெளியாருக்கு. ‘முறைகேடாகப் பிறந்த பிள்ளை’ என்ற ஏச்சிலிருந்து குழந்தையைக் காப்பது நோக்கம். 1930-களிலிருந்து மாநிலம் மாநிலமாகப் புதுச் சான்றிதழ் எழுதும் வழக்கம் பரவியதும் அதே காரணத்துக்காகத்தான். பள்ளியில் சேர்க்கும்போது நீட்டும் காகிதம் குழந்தையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றார்கள். 1960 வாக்கில்கூடச் சுமார் இருபது மாநிலங்களில், வயது வந்த தத்துப்பிள்ளை கேட்டால் அசலைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவுகள் சாத்தப்பட்டது அதற்குப் பிறகு. பென்சில்வேனியா 1984-இல் மூடியது. அலபாமா மூடியது 1991-இல். கான்சாஸ், அலாஸ்கா இரண்டும் ஒருநாளும் மூடவில்லை. தாய்மாருக்குக் காலங்காலமாக அரசு கொடுத்த வாக்கு இது என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டுகளை எடுத்து வையுங்கள். ஐம்பதுகளில் அலபாமாவில் பிள்ளையைக் கொடுத்த பெண்ணுக்கு, 1991-இல் வந்த சட்டத்தை யார் வாக்காகக் கொடுத்திருக்க முடியும்?

இதைவிட வலுவான வாதம் பூட்டு விழும் நேரத்தில் இருக்கிறது. குழந்தையைத் தாய் விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் அன்று எதுவும் பூட்டப்படுவதில்லை. நீதிமன்றம் தத்தை இறுதி செய்யும்போதுதான் சீல் விழுகிறது. இடையில் மாதங்கள் போகலாம், ஆண்டுகளும் போகலாம். யாரும் தத்தெடுக்காமல் காப்பகத்திலேயே வளர்ந்த பிள்ளையின் சான்றிதழில் தாயின் பெயர் கடைசிவரை அப்படியே இருக்கும். பூட்டு தாயின் மானத்தைக் காக்கத்தான் என்றால், அவள் கையெழுத்திட்ட அன்றே விழுந்திருக்க வேண்டும். தத்தெடுக்கப்படாத பிள்ளையின் சான்றிதழிலும் விழுந்திருக்க வேண்டும். தாய்மார் கையெழுத்திட்ட விடுவிப்புப் பத்திரங்களை 26 மாநிலங்களிலிருந்து திரட்டி ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் எலிசபெத் சாமுவெல்ஸ், பெயரை ரகசியமாக வைப்போம் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்த பத்திரம் ஒன்றையும் காணவில்லை.

இனி ஆரகன் (Oregon) மாநிலத்துக்கு வருவோம். அசல் சான்றிதழ் கேட்டுப் போராடும் இந்த இயக்கத்தில் சேருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அங்கே 1998 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த 58-ஆம் எண் முன்மொழிவை. ஹெலன் ஹில் என்ற பெண்மணி கையெழுத்து வேட்டையை முன்னின்று நடத்தினார். வசைச் சொல்லையே பெயராகச் சூட்டிக்கொண்டு 1996-இல் தொடங்கிய ‘பாஸ்டர்ட் நேஷன்’ என்ற தத்துப்பிள்ளைகள் அமைப்பு துணை நின்றது. நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர் அளவில் ஆதரித்து வாக்களித்தார்கள். சட்டத்தின் உயிர் ஒரே வாக்கியத்தில் இருந்தது. அதன் சாரம்: ஆரகனில் பிறந்து 21 வயது நிறைந்த தத்துப்பிள்ளை எழுத்தில் விண்ணப்பித்தால், மாற்றப்படாத, திருத்தப்படாத அசல் பிறப்புச் சான்றிதழின் சான்றிட்ட நகலை அவருக்குக் கொடுக்க வேண்டும், நடைமுறையும் கட்டணமும் காத்திருக்கும் காலமும் தத்தெடுக்கப்படாத குடிமக்களுக்கு உள்ளவையாகவே இருக்க வேண்டும், விதிவிலக்கு எதுவும் கிடையாது.

இதில் ஒரு சொல்கூட அலங்காரத்துக்கு இல்லை. ‘மாற்றப்படாத’ என்று எழுதாவிட்டால் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு நகல் கொடுக்கலாம். ‘கொடுக்க வேண்டும்’ என்ற இடத்தில் ‘கொடுக்கலாம்’ என்று வந்தால் முடிவு அதிகாரியின் கைக்குப் போய்விடும். ‘அதே கட்டணம்’ என்று இல்லாவிட்டால் சான்றிதழோடு ஆலோசனைக் கட்டணம், இடையாள் கட்டணம், பதிவேட்டுக் கட்டணம் என்று சேர்ந்துகொண்டே போகும். ‘விதிவிலக்கு கிடையாது’ என்பது, இந்தத் தேதிக்கு முன் பிறந்தவர்கள், பின் பிறந்தவர்கள் என்று மக்களைக் கூறுபோடும் வழியை அடைக்கிறது.

அந்தச் சட்டம் உடனே நடைமுறைக்கு வரவில்லை. பெயர் வெளியிடாத தாய்மார் சிலர் வழக்குப் போட்டார்கள். 1999 டிசம்பரில் ஆரகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கடைசித் தடை மனுவும் தள்ளுபடியாகி, 2000 மே மாதக் கடைசியில் கதவு திறந்தது. டென்னசியிலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. அதில் 1997-இல் ஆறாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், பிறப்பு என்பது அந்தரங்க நிகழ்வு மட்டுமல்ல, அரசு நெடுங்காலமாகப் பதிந்துவரும் பொது நிகழ்வும்கூட என்ற கண்ணோட்டத்தில் பேசியது. எதிர்த்தரப்பு அரசியலமைப்பு உரிமை என்று ஆரம்பித்தால் இந்த இரண்டு தீர்ப்புகளும் கையில் இருக்க வேண்டும்.

ஆரகன் சட்டமன்றம் 1999-இல் சேர்த்த ‘தொடர்பு விருப்பப் படிவம்’ பற்றியும் சொல்ல வேண்டும். பெற்றவள் அதில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: தொடர்புகொள்ளலாம், இடையாள் வழியாகத் தொடர்புகொள்ளலாம், இப்போதைக்கு வேண்டாம். படிவம் சான்றிதழோடு சேர்ந்து பிள்ளைக்குப் போகும். சான்றிதழைத் தடுக்காது. பெற்றவளுக்குத் தன் மனதைச் சொல்ல இடம் இருக்கிறது, பிள்ளைக்குக் காகிதம் கிடைக்கிறது. சமரசம் என்று பேச்சு வந்தால் இதற்கு மேல் ஓர் அங்குலமும் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் நிறைய. நியூஜெர்சியில் பல ஆண்டுகள் போராடி 2014-இல் சட்டம் வந்தது. 2017 தொடக்கத்தில் கோப்புகள் திறந்தன. ஆனால் 2016 டிசம்பர் 31 வரை பெற்றோர் விண்ணப்பித்துத் தங்கள் பெயரை அடித்துவிடலாம் என்று ஒரு சாளரத்தைத் திறந்து வைத்தார்கள். ஓஹாயோவில் 1964 ஜனவரி 1 முதல் 1996 செப்டம்பர் 18 வரை தத்துப் போனவர்கள், ஏறத்தாழ நான்கு லட்சம் பேர், வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அதற்கு முன்னே போனவர்களுக்கு உரிமை உண்டு, இவர்களுக்கு இல்லை. 2015 மார்ச் 20-இல் அவர்களுக்கும் கதவு திறந்தது. அதற்கு முந்தைய ஓராண்டு பெயர் நீக்கத்துக்கு விடப்பட்டிருந்தது. பெயர் நீக்கக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தானே என்று ஆதரவாளர்களே சமாதானம் சொல்வார்கள். அந்தக் கொஞ்சம் பேரின் பிள்ளைகளுக்கு உரிமை முழுதாகப் போய்விட்டது. அதுவரையாவது நீதிமன்றத்தில் மனுப்போட வழி இருந்தது. இப்போது அடித்த பெயரைச் சட்டமே காவல் காக்கிறது. ஒரு முறை இப்படிச் சட்டம் வந்துவிட்டால், ‘அந்தப் பிரச்சினையைத்தான் முடித்துவிட்டோமே’ என்று சட்டமன்றம் மீண்டும் பல ஆண்டுகளுக்குத் திரும்பிப் பார்க்காது.

மசோதா கெட்டுப்போவது பெரும்பாலும் சட்டமன்றத்தின் இரண்டாவது அவையில். முதல் அவையில் சுத்தமாக நிறைவேறி வந்த மசோதாவில், அங்கே ஓர் உறுப்பினர் ‘சின்னத் திருத்தம்’ என்று ஒன்றைச் செருகுவார். அது தொடர்பு விருப்பப் படிவம் என்ற பெயரிலேயே வரலாம். தலைப்பைப் பார்த்து ஏமாறாமல் வினைச்சொல்லைப் பாருங்கள். படிவம் கோப்பில் ‘இணைக்கப்படும்’ என்றால் சரி. படிவம் வந்திருந்தால் பதிவாளர் ‘வழங்கக் கூடாது’ என்றால் அது தடைப் படிவம். மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரிடம் முதல் நாளே எழுத்தில் ஓர் ஒப்புதல் வாங்கி வையுங்கள்: இன்னின்ன திருத்தம் வந்தால் மசோதாவை நீங்களே திரும்பப் பெற்றுவிடுவீர்கள் என்று. பதிவாளர் அலுவலகத்தையும் முன்கூட்டியே பாருங்கள். அவர்கள் எதிர்ப்பது கொள்கையை இருக்காது. ஆள் பற்றாக்குறை, பழைய பெட்டிகள், எண் பொருந்தாத கோப்புகள் என்று செலவுக் கணக்கு நீட்டுவார்கள். அந்தக் கணக்கு நிதிக் குழுவுக்குப் போனால் மசோதா அங்கேயே படுத்துவிடும். சட்டம் நடைமுறைக்கு வரும் தேதியை ஆறு மாதமோ ஒரு வருடமோ தள்ளிப் போடச் சம்மதித்தால் அந்த எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கும்.

விசாரணையில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். பெயர் ரகசியமாக இருக்காது என்றால் தத்துக் கொடுப்பது குறைந்து கருக்கலைப்பு கூடிவிடும் என்ற வாதம் கட்டாயம் வரும். ஒருபோதும் மூடாத கான்சாஸிலும் அலாஸ்காவிலும் தத்து ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு விஷயத்துக்குத் திரும்புங்கள். மரபணுச் சோதனை வந்துவிட்டதே, இனிமேல் சான்றிதழ் எதற்கு என்பார்கள். உண்மையில் சோதனை நம் வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. எச்சில் குழாயை அனுப்பினால் ஒன்றுவிட்ட சகோதரர்கள் முதல் தூரத்து மாமன்கள் வரை பட்டியலாக வருகிறார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் தாயின் பெயருக்குப் போக வேண்டும். குடும்பம் முழுவதுக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. சான்றிதழில் பெயர் இருந்திருந்தால் அவளுக்கு மட்டும் ஒரு கடிதம் போயிருக்கும்.

திறந்த மாநிலங்களின் பட்டியல் இப்போது மளமளவென்று நீள்கிறது. அலபாமா 2000, நியூ ஹாம்ப்ஷயர் 2005, மெய்ன் 2009. நியூயார்க் 2020 ஜனவரி 15-இல் திறந்தது. தத்துப்பிள்ளை இறந்துவிட்டால் வாரிசுகளும் அங்கே கேட்கலாம். பிறகு கனெக்டிகட், மாசசூசெட்ஸ், லூசியானா, வெர்மாண்ட், தெற்கு டகோட்டா. மினசோட்டா 2024 ஜூலையில், ஜார்ஜியா 2025 ஜூலையில். வயது வரம்பு ஒன்றுபோல இல்லை. ஆரகனில் 21, அலபாமாவில் 19, லூசியானாவில் 24.

விண்ணப்பிக்கும்போது ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள் சில இருக்கின்றன. பிறந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், தத்து நடந்த மாநிலத்துக்கு இல்லை. ஓஹாயோவில் பிறந்து கலிஃபோர்னியாவில் தத்துப் போனவருக்குச் சான்றிதழ் ஓஹாயோவில். வழக்குக் கோப்பு கலிஃபோர்னிய நீதிமன்றத்தில். தத்துக்கு ஏற்பாடு செய்த நிறுவனம் எழுதிய குறிப்புகள் அந்த நிறுவனத்திடம். மூன்றும் வெவ்வேறு பெட்டிகள். ஒன்று திறந்ததால் மற்றவை திறந்துவிடாது. நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நியூயார்க் நகரத்துக்குள் பிறந்தால் நகரச் சுகாதாரத் துறை, நகரத்துக்கு வெளியே பிறந்தால் மாநிலச் சுகாதாரத் துறை. மாற்றி அனுப்பினால் விண்ணப்பம் திரும்பி வரும். படிவத்தில் இப்போதைய சான்றிதழில் உள்ள பெயர், தத்துப் பெற்றோர் பெயர் இரண்டையும் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் பூட்டிய கோப்பைக் கண்டுபிடிப்பார்கள். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட பெண்கள் திருமணச் சான்றிதழை இணைக்க வேண்டும். அடையாள அட்டையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்றால் கோப்பு அப்படியே நின்றுவிடும். வருகிற நகலில் ‘அடையாளத்துக்குச் செல்லாது’ என்ற பொருளில் முத்திரை இருக்கலாம், பதற வேண்டாம். கடவுச்சீட்டுக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் பழையபடி திருத்திய சான்றிதழ்தான். ஆனால் அதில் பதிவுத் தேதியைப் பாருங்கள். பிறந்து ஓராண்டுக்கு மேல் கழித்துப் பதிவானதாக இருந்தால் கடவுச்சீட்டு அலுவலகம் கூடுதல் ஆதாரம் கேட்கும். பூட்டால் வரும் நடைமுறைத் தொல்லை இது. குழு உறுப்பினர்களுக்குச் சட்டென்று புரிவதும் இதுதான்.

நகல் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் தாய் பெயருக்குப் போகும். நிதானமாக மற்ற கட்டங்களையும் படியுங்கள். 1950-களின் படிவத்தில் தாயின் கன்னிப் பெயர், வயது, பிறந்த மாநிலம், வழக்கமாகக் குடியிருந்த ஊர் எல்லாம் இருக்கும். பிரசவத்துக்காக வேறு ஊர்க் காப்பகத்துக்கு அனுப்பப்பட்ட பெண்ணாக இருந்தால், பிறந்த ஊரும் குடியிருந்த ஊரும் வேறுபடும். தேட நினைப்பவருக்குக் குடியிருந்த ஊர்தான் முக்கியம். இந்தத் தாய்க்கு முன்பு பிறந்து உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘2’ என்று இருந்தால் உங்களுக்கு மூத்தவர்கள் இரண்டு பேர். தகவல் கொடுத்தவர் கையெழுத்தில் தாயின் கையெழுத்தே இருக்கலாம். திருமணமாகாத தாய் என்றால் தந்தையின் கட்டம் பெரும்பாலும் காலி. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருப்பதும் சாதாரணம். அதை வைத்துத் தாய்க்கு மனமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெயர் வைக்கவேண்டாம் என்று அவளைச் சுற்றி இருந்தவர்கள் தடுத்ததும் உண்டு.

சிலருக்குக் காகிதம் எதுவுமே இருக்காது. ஜார்ஜியாவின் மெக்கேஸ்வில் ஊரில் டாக்டர் தாமஸ் ஹிக்ஸ் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருநூறு குழந்தைகள் அளவில் பின்வாசல் வழியாக விற்றார். வாங்கியவர்களின் பெயரையே பெற்றோர் என்று நேரடியாகப் பதிந்துவிட்டார். தத்து வழக்கு நடக்கவில்லை, சீல் வைக்க அசலும் இல்லை. எந்தச் சட்டம் வந்தாலும் அவர்களுக்கு மரபணுச் சோதனைதான் வழி.

தமிழ்நாட்டிலிருந்தோ இந்தியாவின் வேறு பகுதியிலிருந்தோ அமெரிக்காவுக்குத் தத்துப் போனவர்களுக்கும் இந்த மாநிலச் சட்டங்கள் உதவாது. அங்கே அவர்களுக்குக் கிடைத்திருப்பது வெளிநாட்டில் பிறந்தவர் என்று குறிக்கும் சான்றிதழ். அசல் தாள்கள் இந்தியாவில். இந்தியாவின் 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் ‘வேர் தேடல்’ என்று தனியாக விதி உண்டு. 18 வயது நிறைந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தவர் தத்துப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தேடித் தருகிறேன் என்று வரும் மூன்றாம் நபருக்கு அனுமதி இல்லை. பெற்றோரின் அந்தரங்கத்தை மீறாமல்தான் தகவல் தரப்படும். அவர்கள் மறுத்தால் விட்டுக்கொடுத்த காரணமும் சூழ்நிலையும் சொல்லப்படும், பெயர் வராது. நியூஜெர்சி விட்டுவைத்த அதே ஓட்டை இங்கே விதியாகவே இருக்கிறது. இங்கும் ஒருநாள் இது மாற வேண்டும்.

இப்போது உடனடி வேலை இருக்கும் இடங்களில் டெக்சாஸ் ஒன்று. அங்கே விதி இப்படி: 18 வயது நிறைந்தவர், அசல் சான்றிதழில் உள்ள பெற்றோரின் பெயர் தனக்குத் தெரியும் என்று காட்டினால் நீதிமன்ற உத்தரவு இல்லாமலே நகல் கிடைக்கும். பெயர் தெரியாதவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பெயர் தெரியாததால்தானே அவர் சான்றிதழ் கேட்கிறார். மரபணுச் சோதனை வழியாகப் பெயரைக் கண்டுபிடித்தவர்கள் இன்றே விண்ணப்பித்துவிடலாம். பெயர் பதிவில் உள்ளபடியே, கன்னிப் பெயரோடு எழுத வேண்டும். சட்டத்தை மாற்ற நினைப்பவர்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை ஆண்டு ஜனவரியில் தொடங்கி 140 நாளில் முடிந்துவிடும். மசோதாக்களை முன்கூட்டியே பதிவது அதற்கு முந்தைய நவம்பரில், பொதுத்தேர்தல் முடிந்த அடுத்த திங்கட்கிழமையிலிருந்து. ஜனவரியில் உறுப்பினரைத் தேட ஆரம்பித்தால் அந்தக் கூட்டம் போய்விட்டது, இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். வரைவு கோடையிலேயே கையில் இருக்கட்டும். ஆரகன் வாக்கியத்தை எடுத்து வயதை மட்டும் 18 என்று மாற்றினால் வரைவு தயார்.